பழமைவாதம்: பத்திரிகைக்குப் பத்திரிகை விடை மாறுவது ஏன்?

அமெரிக்க அரசியலைக் கவனிக்க ஆரம்பிக்கிற யாருக்கும் சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். டிரம்ப் ஒரு பழமைவாதி என்று படிக்கிறோம். டிரம்ப்பைச் சகிக்க முடியாமல் குடியரசுக் கட்சியை விட்டு வெளியேறியவரும் தன்னைத்தான் உண்மையான பழமைவாதி என்கிறார். இறக்குமதிக்கு வரியே கூடாது என்று ஒரு பழமைவாதி எழுதுகிறார், வரி போட்டால்தான் நாடு பிழைக்கும் என்று இன்னொரு பழமைவாதி எழுதுகிறார். 2003 ஈராக் போருக்குப் பரிந்து எழுதியவர்கள் அந்த முகாமில் இருந்தார்கள். அந்தப் போர் வேண்டாம் என்று தனிப் பத்திரிகையே தொடங்கியவர்களும் அதே முகாம்தான்.

சரி, ஒரு நல்ல பழமைவாதப் பத்திரிகையைத் தொடர்ந்து படித்தால் தெளிவு வந்துவிடும் என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல். எந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கிறோமோ, அதன் விடைதான் நமக்குக் கிடைக்கும். அது ஒரு முகாமின் விடை என்பதுகூடப் பல மாதங்களுக்குத் தெரியாது. அதனால் பழமைவாதம் என்றால் என்ன, எந்தப் பத்திரிகையைப் படிப்பது என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில் பயன் இல்லை. அமெரிக்காவில் இன்று பழமைவாதம் என்று அழைக்கப்படுவது பெருமளவு பத்திரிகைப் பக்கங்களில் உருவானது. சண்டைகளும் அங்கேதான் நடந்தன.

தூணை எடுக்கலாமா?

ஒரு பழைய வீட்டை வாங்குகிறீர்கள். கூடத்தின் நடுவே ஒரு தூண், போக வர இடைஞ்சலாக நிற்கிறது. "இடித்துவிடு, இடம் தாராளமாக இருக்கும்" என்கிறார் ஒருவர். "அந்தக் காலத்துத் தூண், யாரும் கைவைக்கக் கூடாது" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் வேறு மாதிரி பேசுகிறார். "இது மேலே எதைத் தாங்குகிறது என்று முதலில் பார். எதையும் தாங்கவில்லை என்றால் எடுத்துவிடு. தாங்குகிறது என்றால் முட்டுக்கொடுத்துவிட்டு எடு. ஒன்றும் புரியவில்லை என்றால் புரிகிறவரை விட்டுவை."

இரண்டாமவர்தான் பழமைவாதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பெயரில் வளர்ந்த சிந்தனை மூன்றாமவருடையது. அவர் மாற்றத்தை எதிர்ப்பதில்லை. மாற்ற வேண்டும் என்கிறவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்கிறார். ஏற்கெனவே இருக்கிற ஏற்பாடு தன்னை நிரூபித்துக்கொள்ளக் கடமைப்பட்டது அல்ல, புதிதாக வருவதுதான் கடமைப்பட்டது என்பது அவர் கட்சி.

நாலாவதாக ஒருவரும் உண்டு. "நூறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் வேறு தூண் இருந்தது, அதைத் திரும்ப நட்டால்தான் இது வீடு" என்பார். அவரைப் பிற்போக்குவாதி என்று சொல்வது வழக்கம். அதாவது, போய்விட்ட ஒரு நிலையை மீட்கப் பார்ப்பவர். இருப்பதைக் காப்பதும் போனதை மீட்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் போனதை மீட்க வேண்டும் என்றால் இன்று இருப்பதை இடித்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிற பத்திரிகைச் சண்டைகளில் பாதி இதைச் சுற்றியே நடக்கிறது.

பர்க் என்ன சொன்னார்

இந்தச் சிந்தனையின் தொடக்கமாக எல்லோரும் காட்டுவது எட்மண்ட் பர்க்கை. 1729-இல் டப்ளினில் பிறந்தவர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விக் கட்சி உறுப்பினர். மன்னரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடப் பார்த்த கட்சி அது. அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமரசமாகப் போகச் சொல்லி 1775-இல் வாதாடினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றம் நடத்திய குற்ற விசாரணையை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். 1788-இல் தொடங்கிய அந்த விசாரணை 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையோடு முடிந்தது. இந்தியாவில் நெடுங்காலமாக இருந்த சட்டங்களையும் சமூக அமைப்பையும் கம்பெனிக்காரர்கள் மிதித்து நாசமாக்குகிறார்கள் என்பதும் பர்க்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவருடைய பழமைவாதம் பிரிட்டனின் பழமைக்கு மட்டும் ஆனதாக இருக்கவில்லை.

1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். மன்னரின் தலை விழுந்தது 1793-இல்தான். அதற்கு முன்பே, இந்தப் போக்கு ரத்தத்தில் முடியும், கடைசியில் படையைக் கையில் வைத்திருக்கிற ஒரு தளபதி நாட்டுக்கு எஜமானன் ஆவான் என்று எழுதிவிட்டார். 1799-இல் நெப்போலியன் வந்தார். ஊகம் பலித்ததால் அவர் வாதத்துக்கு மதிப்பு கூடியது. ஆனால் ஊகத்தைவிட வாதம்தான் முக்கியம்.

வாதம் இதுதான். தனி மனிதனின் அறிவு மிகக் குறுகியது. எத்தனையோ தலைமுறைகள் தவறு செய்து, திருத்தி, மறுபடி தவறு செய்து கற்றவை எல்லாம் வழக்கங்களிலும் சட்டங்களிலும் நிறுவனங்களிலும் சேர்ந்து கிடக்கின்றன. ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. தெரியாததாலேயே அது பயனற்றது ஆகிவிடாது. சமூகம் என்பது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அல்ல, இறந்தவர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும் அதில் கூட்டாளிகள் என்றார். அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. பர்க்கை மேற்கோள் காட்டுகிற பலர் இந்த வரியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

உடனடியாக எதிர்ப்பும் வந்தது. 1791-இல் தாமஸ் பெயின் தன் பதிலை எழுதினார். செத்தவர்கள் உயிரோடு இருப்பவர்களைக் கட்டிப்போட யார்? ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதைத் தானே தீர்மானிக்கட்டும் என்றார். நேர்மையான கேள்வி. பழமைவாதிகள் இன்றுவரை இதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பழமைவாதம் அதன் மூல வடிவத்தில் ஒரு கொள்கைப் பட்டியல் அல்ல. வரி எவ்வளவு, அரசு எவ்வளவு பெரியது, கடவுள் உண்டா என்பதற்கெல்லாம் அதனிடம் நிரந்தர விடை கிடையாது. மாற்றத்தை எப்படிக் கையாள்வது என்பது பற்றிய ஒரு மனப்பாங்கு அது. எதைக் காப்பது என்ற கேள்விக்கு விடை நாட்டுக்கு நாடு மாறும்.

அமெரிக்காவில் காப்பதற்கு என்ன இருக்கிறது?

பர்க் காத்தது முடியரசு, அரசோடு பிணைந்த திருச்சபை, பிரபுக்கள் குலம். அமெரிக்காவில் இந்த மூன்றும் இல்லை. 1776-இல் ஒரு மன்னரைத் தூக்கி எறிந்து பிறந்த நாடு. 1787-இல் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து அரசமைப்பை எழுதிக்கொண்ட நாடு. பர்க் பயந்த மாதிரியே, காகிதத்தில் வரைந்து கட்டியது.

அந்த அரசமைப்பின் ஆன்மா தாராளவாதம். இங்கே தாராளவாதம் என்பதை அதன் பழைய பொருளில் சொல்கிறேன்: தனிமனித உரிமை, அதிகாரம் குறுக்கப்பட்ட அரசு, சொத்துரிமை, சந்தை. அமெரிக்காவில் இன்று 'லிபரல்' என்றால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர் என்று பொருளாகிவிட்டது, அது வேறு.

ஆக, ஓர் அமெரிக்கப் பழமைவாதி தன் நாட்டின் மரபைக் காக்கப் புறப்பட்டால் அவர் கையில் அகப்படுவது ஒரு தாராளவாத மரபு. இந்த முடிச்சுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு வேர். சந்தைச் சுதந்திரத்தைப் போற்றுகிற ஒருவர் அங்கே பழமைவாதி என்று அறியப்படுகிறார். சந்தையைப் போல் பழமையைக் கரைக்கிற சக்தி வேறொன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இந்த முரணை வெளிப்படையாகச் சொன்னவர் ஃப்ரெட்ரிக் ஹயக். சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய வழக்கறிஞர், அமெரிக்கப் பழமைவாதிகள் தலையில் வைத்துக் கொண்டாடியவர். அவர் 1960-இல் தன் நூலின் பின்னுரைக்கு வைத்த தலைப்பே 'நான் ஏன் பழமைவாதி அல்ல' என்பது. பழமைவாதம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுமே தவிர வேறு திசை காட்டாது என்பது அவர் குறை. அப்படியும் அவர்கள் கொண்டாட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ரஸ்ஸல் கர்க் இருந்தார். 1953-இல் வெளிவந்த அவருடைய நூல் பர்க்கில் தொடங்கி ஒரு பரம்பரையையே வரைந்து காட்டியது. தாராளவாதம் தவிர அமெரிக்காவில் வேறு சிந்தனை மரபே இல்லை என்று லயனல் டிரில்லிங் போன்ற விமர்சகர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. கர்க்குக்குச் சிற்றூர், குடும்பம், நம்பிக்கை, நிலம் இவையெல்லாம் முக்கியம். பெருநிறுவனங்கள் மீது அவருக்கு மோகம் கிடையாது. 1957-இல் 'மாடர்ன் ஏஜ்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார்.

ஹயக்கையும் கர்க்கையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் எதில்தான் ஒத்துப்போவார்கள்? அந்த வேலையைத்தான் ஒரு பத்திரிகை செய்தது.

ஒரு பத்திரிகைக்குள் தைத்த கூட்டணி

1955 நவம்பரில் வில்லியம் பக்லி 'நேஷனல் ரிவ்யூ'வைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை. வரலாற்றின் குறுக்கே நின்று 'நில்' என்று கத்துவதுதான் எங்கள் வேலை என்று முதல் இதழில் அறிவித்தார்.

அந்தப் பத்திரிகையில் மூன்று வகை ஆட்கள் சேர்ந்தார்கள். கர்க் மாதிரி மரபையும் மதத்தையும் முன்வைத்தவர்கள் ஒரு சாரார், இவர்களை மரபுவாதிகள் என்போம். அரசு விலகி நின்றால் போதும் என்ற சுதந்திரவாதிகள் இன்னொரு சாரார். கம்யூனிச எதிர்ப்பையே உயிர்மூச்சாகக் கொண்டவர்கள் மூன்றாவது. இதில் வேடிக்கை, கடைசி வகையில் பலர் முன்னாள் இடதுசாரிகள். ஜேம்ஸ் பர்ன்ஹாம் ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி பக்கம் இருந்தவர். விட்டேக்கர் சேம்பர்ஸ் சோவியத் உளவாளியாகவே வேலை பார்த்தவர். கோட்பாடு எழுதிய ஃப்ராங்க் மேயர் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். அமெரிக்கப் பழமைவாதத்தை வடிவமைத்த தலைமுறைக்கு பழமையில் வாழ்ந்த அனுபவத்தைவிட, விட்டு வந்த கட்சியின் மீதிருந்த கோபம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

மேயர்தான் தையல்காரர். நல்லொழுக்கம் வேண்டும் என்கிறார்கள் மரபுவாதிகள், சுதந்திரம் வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தேவை என்றார் மேயர். கட்டாயத்தால் நல்லவனாக இருப்பதில் ஒழுக்கம் எதுவும் இல்லை, தானாகத் தேர்ந்தெடுத்தால்தான் அது நல்லொழுக்கம். எனவே அரசு சுதந்திரத்தைக் காக்கட்டும், ஒழுக்கத்தைக் குடும்பமும் கோயிலும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தச் சமரசத்துக்கு இணைவுவாதம் என்று பெயர்.

எல்லோரும் ஏற்கவில்லை. பக்லியின் மைத்துனர் பிரென்ட் போசெல் 1962-இல் அதே பத்திரிகையில் பெரிய கட்டுரை எழுதி மேயரைத் தாக்கினார். மனிதன் பலவீனமானவன், சட்டமும் சமூகமும் கைகொடுக்காமல் அவனால் நல்லவனாக இருக்க முடியாது, சுதந்திரத்தை முதலில் வைத்தால் ஒழுக்கம் கடைசியில்கூட வராது என்றார். பிறகு பிரிந்து போய்த் தனியாக ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை நடத்தினார். மேயர், போசெல் விவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. இருவருமே சரியாகப் படுகிறார்கள், ஆனால் இருவரும் சேர்ந்து சரியாக இருக்க வழியே இல்லை.

பத்திரிகை இன்னொரு வேலையும் செய்தது: யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பது. கட்டற்ற சந்தையையும் தன்னலத்தையும் போற்றிய எழுத்தாளர் அய்ன் ராண்டின் நாவலை 1957-இல் சேம்பர்ஸ் தன் மதிப்புரையில் கிழித்துப்போட்டார். 1962-இல் தீவிரக் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜான் பர்ச் சங்கத்தின் தலைவர் ராபர்ட் வெல்ச்சைப் பக்லி கண்டித்தார். குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவரையே கம்யூனிஸ்ட் ஏஜென்ட் என்று சந்தேகித்தவர் வெல்ச்.

ஆனால் வாசல் காத்தவர்கள் தங்கள் வாசலுக்குள் வைத்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். 1957 ஆகஸ்டில் 'நேஷனல் ரிவ்யூ' ஒரு தலையங்கம் எழுதியது. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் எண்ணிக்கையில் குறைவாக உள்ள இடங்களிலும் ஆதிக்கம் செலுத்த அவர்களுக்கு உரிமை உண்டு, தற்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்றது அது. கறுப்பின மக்களின் வாக்குரிமை மறுக்கப்பட்ட காலத்தில் எழுதியது. பல ஆண்டுகள் கழித்து, 2004-இல், மத்திய அரசு தலையிட்டுத்தான் இருக்க வேண்டும், தன் நிலை தவறு என்று பக்லி ஒப்புக்கொண்டார். பழமைவாதத்தின் மிகக் கடினமான கேள்வி இங்கே இருக்கிறது. ஏற்பாடு ஒன்று நெடுங்காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதில் சேர்ந்த அறிவாகவும் இருக்கலாம், அதனால் நசுக்கப்படுகிறவர்களுக்குப் பேச வாய் இல்லாததாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்தக் கேள்வியை ஒரு பத்திரிகை எதிர்கொள்கிறதா, தாண்டிப் போகிறதா என்பதிலேயே அதன் தரம் பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு விசித்திரம். 1955-இல் ரூஸ்வெல்ட்டின் சமூகநலத் திட்டங்களுக்கு ஏறக்குறைய 20 வயது. ஐசனோவர் அவற்றைக் கலைக்காமல் ஏற்றுக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தார். பர்க்கின் அளவுகோலில் அவர்தான் பழமைவாதி. அவற்றைக் கலைக்க வேண்டும் என்றது பக்லியின் பத்திரிகை. 'நில்' என்று கத்தினாலும் அவர்கள் கேட்டது 'திரும்பு' என்பதுதான்.

இதுவரை வந்த கதை: அமெரிக்கப் பழமைவாதம் ஒரே வேரிலிருந்து முளைத்தது அல்ல. மூன்று தனிப் போக்குகளை ஒரு பத்திரிகை சேர்த்துக் கட்டியது. சேர்த்துப் பிடித்த பசை சோவியத் யூனியன் மீதான எதிர்ப்பு.

பசை உலர்ந்த பிறகு

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. பொது எதிரி போனதும் அவரவர் தங்கள் பழைய வேறுபாடுகளை நினைவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே அடிக்கடி தவறாகப் பயன்படுகிற ஒரு சொல்லை விளக்க வேண்டும்: நவபழமைவாதி. போர் வேண்டும் என்று கத்துகிற யாரையும் இப்படி அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. முதலில் அது வேறு. ஐம்பதுகளில் இன்றைய அமெரிக்கப் பொருளில் 'லிபரல்'களாக இருந்து, அறுபதுகளில் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் எதிர்பாராத விளைவுகளைத் தருவதைப் பார்த்து வலப்பக்கம் நகர்ந்த அறிவாளிகள் அவர்கள். இர்விங் கிறிஸ்டலும் டேனியல் பெல்லும் 1965-இல் தொடங்கிய 'தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்' பெரும்பாலும் பள்ளிக்கூடம், குடியிருப்பு, குற்றம் மாதிரி உள்நாட்டு விஷயங்களைத்தான் புள்ளிவிவரத்தோடு அலசியது. 1945-இல் அமெரிக்க யூதக் குழு தொடங்கிய 'காமென்டரி', நார்மன் பாடோரெட்ஸ் ஆசிரியராக இருந்த காலத்தில் இடமிருந்து வலத்துக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக் கொள்கையில் கடுமை என்ற அடையாளம் பிறகு ஓங்கியது. இர்விங்கின் மகன் வில்லியம் கிறிஸ்டல் 1995-இல் மற்றவர்களோடு தொடங்கிய 'தி வீக்லி ஸ்டாண்டர்ட்' ஈராக் போருக்கு முக்கியமான குரல் கொடுத்தது.

அதை எதிர்த்து 2002-இல் அரசியல்வாதி பாட் பியூகனன் முதலானோர் தொடங்கியதுதான் 'தி அமெரிக்கன் கன்சர்வேடிவ்'. அந்நிய நாட்டை நம் திட்டப்படி மாற்றி அமைக்கலாம் என்பது பர்க் கண்டித்த அதே புரட்சி மனப்பான்மை என்பது அவர்கள் பக்கத்து வாதம். 2003-இல் 'நேஷனல் ரிவ்யூ'வில் டேவிட் ஃப்ரம் இவர்களைத் தேசப்பற்று இல்லாத பழமைவாதிகள் என்று எழுதினார். போர் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும். தூணைப் பார்க்காமல் இடித்தவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்தச் சண்டையில் கிடைக்கிற விடை, பழமைவாதி என்ற பெயரின் மீது அதிக உரிமை கொண்டாடியவர்களுக்குச் சாதகமாக இல்லை.

வாணிபத்திலும் இதே கதை. பழமைவாதிகள் எப்போதும் தடையற்ற வணிகத்தின் பக்கம் என்று நினைப்போம். ஆனால் குடியரசுக் கட்சி லிங்கன் காலத்திலிருந்து உயர்ந்த இறக்குமதி வரியின் கட்சி. 1890 மெக்கின்லி வரியும், 1930-இல் ஹூவர் கையெழுத்திட்ட ஸ்மூட்-ஹாலி வரியும் அதன் கைவேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் திசை மாறியது. 2018-இல் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டபோது பழமைவாதத்துக்குத் துரோகம் என்றார்கள் சிலர், பழமைக்குத் திரும்புதல் என்றார்கள் சிலர். ஆண்டுக் கணக்கை எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரி.

2016 ஜனவரியில் 'நேஷனல் ரிவ்யூ' 20-க்கும் மேற்பட்டோரின் கட்டுரைகளோடு 'டிரம்ப்பை எதிர்த்து' என்று ஒரு சிறப்பிதழ் போட்டது. வெல்ச்சை வெளியே நிறுத்திய வாசல் இந்த முறை வேலை செய்யவில்லை. அதில் எழுதியவர்களிலேயே சிலர் பின்னால் டிரம்ப் ஆதரவாளர்கள் ஆனார்கள். 1962-இல் மேயரைத் தாக்கிய போசெலின் மகனும் அவர்களில் ஒருவர். 2018 டிசம்பரில் 'தி வீக்லி ஸ்டாண்டர்ட்' மூடப்பட்டது.

2019-இல் மதமும் பொதுவாழ்வும் பற்றிய 'ஃபர்ஸ்ட் திங்ஸ்' இதழில் சோராப் அமாரி, 'நேஷனல் ரிவ்யூ'வில் எழுதிவந்த டேவிட் ஃப்ரெஞ்சைப் பெயர் சொல்லித் தாக்கினார். தனிமனித சுதந்திரத்தையும் நடுநிலையான சட்டத்தையும் நம்பிக்கொண்டிருந்தால் ஒன்றும் மிஞ்சாது, அரசதிகாரத்தைப் பொதுநன்மைக்குப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்றார். போசெல் எழுதியதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நடுவில் 57 வருஷம் போனது மாதிரியே தெரியாது. தாராளவாத மரபையே கைவிட்டு மேலே போகலாம் என்கிற இந்தப் போக்குக்குப் பின்தாராளவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகையைத் தேர்ந்தெடுப்பது

இவ்வளவும் தெரிந்த பிறகு எது உண்மையான பழமைவாதப் பத்திரிகை என்று கேட்பதில் பொருளில்லை. எதைக் காக்கிறது, எதனிடமிருந்து, எந்தக் கருவியால் என்று கேட்கலாம். 'ஃபர்ஸ்ட் திங்ஸ்' காப்பது மத நம்பிக்கைக்குப் பொதுவாழ்வில் உள்ள இடத்தை, மதச்சார்பற்ற பண்பாட்டிடமிருந்து. 2017-இல் தொடங்கிய 'அமெரிக்கன் அஃபேர்ஸ்' உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் பார்க்கிறது, உலகச் சந்தையிடமிருந்து, அரசின் கையால். 'தி அமெரிக்கன் கன்சர்வேடிவ்' குடியரசைப் போர் மோகத்திடமிருந்து காக்கிறது. 1968-இல் தொடங்கிய 'ரீசன்' தனிமனித சுதந்திரத்தை அரசிடமிருந்து காக்கிறது, பழமைவாதம் என்ற பெயரையும் ஏற்பதில்லை. 'தி எகனாமிஸ்ட்'டை இந்த வரிசையில் சேர்க்கிறவர்கள் உண்டு. 1843-இல் பிரிட்டனின் தானிய வரிச் சட்டங்களை எதிர்க்கத் தொடங்கிய தாராளவாதப் பத்திரிகை அது. அதைப் படித்துவிட்டுப் பழமைவாதம் புரிந்துவிட்டது என்றால் பாதி கிணறுகூடத் தாண்டவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்கள் பலருக்கும், இடது ஒன்று வலது ஒன்று வாங்கிச் சமன் செய்துகொள்ளலாம் என்று ஆலோசனை கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எதிர்முகாமைப் பற்றி எழுதும்போது எல்லாப் பத்திரிகையும் தன் சோம்பேறித்தனத்தைத்தான் காட்டும், ஏனென்றால் வாசகர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர். அதே முகாமில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடும்போதுதான் வாதத்தை ஒழுங்காக அடுக்க வேண்டியிருக்கும். அதனால் தங்களுக்குள் அடித்துக்கொள்கிற இரண்டைச் சேர்த்துப் படியுங்கள். 'ரீசன்'னும் 'ஃபர்ஸ்ட் திங்ஸ்'சும் ஒரு ஜோடி. 'நேஷனல் ரிவ்யூ'வும் 'அமெரிக்கன் அஃபேர்ஸ்'சும் இன்னொன்று, வரி பற்றிய கட்டுரைகளாக எடுத்தால் போதும்.

அடுத்தது பழைய இதழ்கள். தன் கட்சி ஆட்சியில் இருந்தபோதும் தனக்குள்ளேயே பிளவுபட்டபோதும் அந்தப் பத்திரிகை என்ன எழுதியது? 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியது, 2008 நிதி நெருக்கடி, 2016-இல் டிரம்ப் வென்ற வேட்பாளர் தேர்தல், 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரம். இந்த நாலு இடங்களில் பார்த்தால் ஆசிரியர் குழு எதற்கு அஞ்சியது, எதற்கு அஞ்சவில்லை என்பது தெரியும். அப்புறம் மாறியிருந்தால், மாறியதாகச் சொல்லி மாறியதா, சத்தமில்லாமலா?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். கருத்துப் பத்திரிகைகள் இடதானாலும் வலதானாலும் பெரும்பாலும் நஷ்டத்தில்தான் ஓடும். சந்தா போதாது, புரவலரோ அறக்கட்டளையோ தாங்க வேண்டும். 'ரீசன்' ஓர் அறக்கட்டளையின் பத்திரிகை. 'வீக்லி ஸ்டாண்டர்ட்' முதலில் ஊடக அதிபர் மர்டாக்கின் நிறுவனத்திடம் இருந்தது, 2009-இல் கைமாறியது, கடைசியில் உரிமையாளரின் முடிவால் மூடப்பட்டது. சந்தா சரிந்ததாக நிர்வாகம் சொன்னது, உள்ளே இருந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. புரவலர் இருப்பதே குற்றம் அல்ல, ஆனால் அவருக்குப் பிடிக்காத கட்டுரை எப்போதாவது வருகிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

எங்கே தொடங்குவது

ஒரே ஒரு பத்திரிகைக்குத்தான் நேரம் உண்டு என்றால் 'நேஷனல் ரிவ்யூ'வைச் சொல்வேன். அது மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதால் அல்ல, பல கட்டுரைகள் இன்று எனக்குச் சலிப்புத் தருகின்றன. ஆனால் மற்ற பல பத்திரிகைகள் அதன் சமரசத்தோடு சண்டை போட்டே பிறந்தவை. அந்தச் சமரசம் தெரியாமல் அவற்றைப் படித்தால் யாரைத் திட்டுகிறார்கள் என்றே விளங்காது.

படிக்கும்போது தலையங்கத்தைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். தேர்தல் நேரத்தில் தலையங்கங்கள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே மாதிரி இருக்கும். நூல் மதிப்புரைகளில் தொடங்குங்கள். யாருடைய நூலை மதிப்புரைக்கு எடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், தங்கள் ஆள் எழுதிய மோசமான நூலை மோசம் என்று சொன்னார்களா என்பதெல்லாம் அங்கேதான் வெளிப்படும். அடுத்து வாசகர் கடிதங்கள், அவற்றுக்குக் கட்டுரையாளர் எழுதுகிற பதில்கள். 'காமென்டரி'யில் ஒரு காலத்தில் இந்தப் பகுதி பக்கம் பக்கமாக நீளும், சில சமயம் மூலக் கட்டுரையைவிடக் காரமாக இருக்கும். பழைய இதழ் கிடைத்தால் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.